மாலை மாற்றினால் மட்டும் போதுமா?

இந்த இதழைப் படிக்கும் குடும்பங்களில் பல, தங்கள் வீட்டுத் திருமணத்தை எங்கள் பகுத்தறிவு மன்றத்தின் மேடையில் நடத்திக்கொண்டவை. தாராவி 90 அடிச் சாலையிலும், மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும், சயான் கோலிவாடாவிலும் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஐயரும் இன்றி அக்கினியும் இன்றி நாங்கள் நடத்திவைத்த மணங்கள் அவை. மாலையை எடுத்துக் கொடுத்தவர்கள் நாங்கள். உறுதிமொழியை நாங்கள் வாசிக்க, மணமக்கள் திருப்பிச் சொன்னார்கள். கைதட்டினோம். இன்று முதல் இவர்கள் கணவன் மனைவி என்று ஊரறிய அறிவித்தோம். அந்த அறிவிப்பில் ஒரு பிழை இருந்தது. பிழை மணமக்களுடையது அல்ல, எங்களுடையது. அதை மூடி மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை என்று கருதி இதை எழுதுகிறோம்.

ஐந்தாண்டுகளுக்கு முன் எங்கள் மன்றத் தோழர் ஒருவர் மாரடைப்பில் மறைந்தார். பெயர் வேண்டாம்; அவருடைய துணைவியார் இன்றும் நம்மிடையே இருக்கிறார். இருவரும் வெவ்வேறு சாதி. இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் மேடையில் மாலை மாற்றிக்கொண்டவர்கள். தோழர் வேலை பார்த்த இடத்திலிருந்து வர வேண்டிய சேமநிதிக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் அந்த அம்மையார் மனுக் கொடுத்தார். தோழரின் தமையனாரும் ஒரு மனுக் கொடுத்தார். என் தம்பிக்குத் திருமணமே ஆகவில்லை, நாலு பேர் கூடிக் கைதட்டினார்கள், அவ்வளவுதான் என்பது அவர் வாதம். அம்மையாரிடம் மணச் சான்று கேட்டார்கள். நாங்கள் நான்கு பேர் அழைப்பிதழையும் நிழற்படத்தையும் எடுத்துக்கொண்டு வீரமாகப் போனோம். அழைப்பிதழில் தலைமை, முன்னிலை என்று எங்கள் பெயர்கள் கொட்டை எழுத்தில் இருந்தன. அதைக் காட்டினால் போதும் என்று நம்பிய பேதைமையை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மேசைக்கு அப்பால் இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எந்தச் சட்டப்படி? எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் பள்ளிச் சான்று என்று ஒவ்வொன்றாகத் தேடி அடுக்கி, வழக்கறிஞர் வைத்து, பணம் கைக்கு வர மூன்று ஆண்டுகள் ஆயின. வந்ததில் பாதி வட்டிக்கும் வழக்குச் செலவுக்கும் போயிற்று. அந்த மூன்று ஆண்டுகளும் அவர் வீட்டு வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். இவ்வளவுக்கும் அவர் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

அதன் பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தோம். சுயமரியாதைத் திருமணத்தின் வரலாறு நம்மவர் எவருக்கும் தெரியும். 1928-இல் அருப்புக்கோட்டை வட்டாரத்துச் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த முதல் மணம். 1950-களில் இத்தகைய மணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்னும் பிரிவைச் சேர்த்து அதைச் செல்லுபடியாக்கியது. உற்றார், நண்பர் அல்லது வேறு எவரேனும் முன்னிலையில், புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலும் சரி, மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, அது மணமே என்கிறது அந்தப் பிரிவு. அதற்கு முன் நடந்தவற்றையும் அது காப்பாற்றியது. 2023-இல் உச்ச நீதிமன்றம், அத்தகைய மணத்துக்குப் பந்தலும் கூட்டமும் கட்டாயமில்லை என்றுகூடச் சொல்லிவிட்டது. இதையெல்லாம் நாங்கள் மேடையில் எத்தனையோ முறை முழங்கியிருக்கிறோம். முழங்காத செய்தி ஒன்று உண்டு. 7ஏ என்பது தமிழ்நாட்டுச் சட்டமன்றம் செய்த திருத்தம். தமிழ்நாட்டில் நடக்கும் மணங்களுக்கு உரியது. புதுவையிலும் அப்படி ஒன்று உண்டு. நாம் பிழைப்புத் தேடி ரயிலேறியபோது அந்தப் பிரிவு நம்மோடு வரவில்லை. திருத்தணி தாண்டியதும் அது இறங்கிக்கொண்டது.

இங்கே மும்பையில் நடக்கும் இந்துத் திருமணம், மணமக்களில் ஒருவர் குடும்ப வழக்கப்படியான சடங்கோடு நடந்திருக்க வேண்டும். அதைத்தான் நாம் வேண்டாம் என்றோம். சரி, மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் பதிந்துவிட்டோமே என்று சிலர் கேட்கிறார்கள். 1998-ஆம் ஆண்டு மகாராட்டிரச் சட்டப்படி பதியும் அந்தப் படிவத்தில் புரோகிதர் கையொப்பத்துக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் யார் கையெழுத்துப் போட்டது தெரியுமா? நாங்கள்தான்! வாழ்நாள் எல்லாம் புரோகித எதிர்ப்புப் பேசியவர்கள், அதில் புரோகிதராக ஒப்பமிட்டுவிட்டு வந்தோம். அதாவது பலன் தந்ததா என்றால் அதுவும் இல்லை. சட்டம் கேட்கும் சடங்கு நடவாத இந்து மணத்துக்கு வெறும் பதிவுச் சான்று உயிர் கொடுக்காது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகக் கூறிவிட்டது.

இத்தனை ஆண்டுகள் இது ஏன் எங்கள் கண்ணில் படவில்லை? இதற்கு விடை தேடும்போதுதான் மன்றத்தின் வாழ்க்கையையே திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஏப்ரலில் அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள், செப்டம்பரில் அண்ணா, பெரியார் பிறந்த நாள்கள், இடையே ஒரு பொங்கல் விழா. ஊரிலிருந்து பேச்சாளர் வருவார். மாலை, சால்வை, இரண்டு மணி நேரப் பேச்சு, பிறகு சாப்பாடு. கேட்பவர்கள் அதே நாற்பது ஆண்கள். கடவுள் இல்லை என்பதை அந்த நாற்பது பேருக்கு எத்தனை தடவை மெய்ப்பிப்பது? அவர்கள் முதல் தடவையே ஏற்றுக்கொண்டவர்கள். பேச்சாளர் மேல் குறை இல்லை. அவர்களில் பலர் தம் கைக்காசைப் போட்டு வந்தவர்கள். கேட்டுக் கேட்டு, கேட்பதையே கற்பது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். புரோகிதர் தம் மந்திரத்தைப் பல ஆண்டு பாடம் கேட்டு வருகிறார். பொருள் தெரிந்து சொல்கிறாரா என்பது வேறு. அவரை எழுப்பிவிட்டு அந்த மணையில் நாம் அமர்ந்தோமே, நம்முடைய சட்டத்தை ஒரு மாலைப் பொழுதாவது உட்கார்ந்து படித்தோமா?

இன்னொன்றும் உண்டு. எங்கள் படிப்பகம் ஒரு தையல் பட்டறையின் மேல்மாடியில் இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ஏறுவதற்குச் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. பெண்கள் ஏன் வருவதில்லை என்று கவலைப்பட்டுப் பெண்ணடிமை பற்றி இரண்டு கூட்டங்கள் போட்டோம். இரண்டிலும் பெண்கள் இல்லை. மேலே சொன்ன அம்மையாரிடம் ஒரு நாள் இதைப் பற்றிக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “ஏண்ணே, சேலை கட்டிக்கிட்டு அந்த ஏணியில எப்படிண்ணே ஏறுறது? கீழ பத்து ஆம்பளைங்க உக்காந்து தைக்கிறாங்க. அதுவும் ராத்திரி ஏழு மணிக்கு வச்சா, வீட்ல உலை வைக்கிறது யாரு?”

பெண் விடுதலைக்கு முட்டுக்கட்டை மனுநீதி மட்டும் என்று எண்ணியிருந்தோம். எங்கள் ஏணியும் ஒன்று என்று அன்று தெரிந்தது.

கூட்டத்தைக் கீழே கொண்டுவந்தோம். இட்லி வியாபாரம் செய்யும் தோழர் ஒருவர், மாவு அரைக்கும் தம் முன்கூடத்தைக் கொடுத்தார். ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியான பிறகு, மாலை மாவுக்கு இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன். முதல் வாரம் பதினொரு பெண்கள் வந்தார்கள். கையோடு பூண்டும் முறமும் கொண்டுவந்து, உரித்துக்கொண்டே கேட்டார்கள். கவனம் சிதறுமே என்று எங்கள் மூத்த தோழர் ஒருவர் முகம் சுளித்தார். சிதறவில்லை. அந்த வாரம் கேட்கப்பட்ட கேள்விகளைப் போல எங்கள் மன்றத்தில் அதற்கு முன் கேட்கப்பட்டதே இல்லை.

அவர்களில் சிலர் நெற்றியில் குங்குமத்தோடு வந்தார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவர்கள். ஒருவர் கழுத்தில் சிலுவை இருந்தது. இவர்களைப் பகுத்தறிவு மன்றத்தின் பாயில் உட்காரவைக்கலாமா என்று ஒரு சண்டையே நடந்தது. இரண்டு தோழர்கள் கோபித்துக்கொண்டு விலகிப் போனார்கள். அவர்களில் ஒருவர் இன்னும் வரவில்லை. எங்கள் முடிவு இதுதான்: நெற்றியைப் பார்த்து இடம் கொடுப்பதில்லை. கேள்வி கேட்கத் துணிந்து வருகிறவர் எவராயினும் அவர் நம்மவர். நம் கொள்கையை மறைப்பதும் இல்லை, கேட்டால் சொல்கிறோம். ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையின் நோயைப் பற்றிக் கேட்க வந்தால், முதலில் உன் சாமியைக் கீழே வை என்று சொல்வது மனிதநேயம் ஆகாது. அது இன்னொரு வகைத் தீட்டு.

பிள்ளையின் நோய் என்றோமே, அது கற்பனை அல்ல. ஒரு பெண் தன் ஒன்பது வயது மகனுக்கு அடிக்கடி வலிப்பு வருவதாகவும், மந்திரித்துக் கயிறு கட்டியும் நிற்கவில்லை என்றும், பள்ளிக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். பழைய நாள் என்றால் மந்திரவாதிகளைப் பற்றி ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கி, அந்தப் பெண்ணைத் தலைகுனிய வைத்து அனுப்பியிருப்போம். அன்று பேசாமல் இருந்தோம். அடுத்த ஞாயிறு, செவிலியாகப் பணிபுரியும் நம் தமிழ்ப் பெண் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் தரையில் படுத்தே செய்து காட்டினார். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனை. மாத்திரையைத் தினமும் கொடுக்க வேண்டும், நின்றுவிட்டதே என்று நாமாக நிறுத்தக் கூடாது. அந்தப் பையனைச் சயான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். இப்போது பள்ளிக்குப் போகிறான். கயிறு இன்னும் கையில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், மாத்திரை உள்ளே போகிறதல்லவா என்று நாங்கள் விட்டுவிட்டோம். இதையும் சமரசம் என்று சொல்கிற தோழர்கள் உண்டு.

நாய்க்கடி பற்றியும் அப்படித்தான் ஒரு பாடம். நம் குடிசைப் பகுதிகளில் இது அன்றாடச் செய்தி. ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது, தாமதிக்காமல் ஊசி போடுவது, தவணை தவறாமல் போடுவது. இதோடு சட்டத்தையும் சேர்த்துப் படித்தோம். மகாராட்டிரத்தில் 2013-இல் வந்த மூடநம்பிக்கை எதிர்ப்புச் சட்டப்படி, நாய், பாம்பு, தேள் கடித்தவரை மருத்துவத்துக்குப் போகவிடாமல் தடுத்து மந்திரம் போடுவது குற்றம். ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. இது தெரிந்ததும் ஒரு பாட்டியம்மா, “அப்ப அவன் வந்தா நானே போலீசைக் கூப்பிடுவேன்” என்றார். பாட்டி யாரைச் சொன்னார் என்பது கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

இந்தச் சட்டம் யாருடைய உழைப்பால் வந்தது? டாக்டர் நரேந்திர தாபோல்கர். 1989-இல் மூடநம்பிக்கை ஒழிப்புக்கென்று மகாராட்டிரத்தில் ஓர் அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய், இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் மன்றாடியவர். 2013 ஆகஸ்ட் 20 காலை, புனேயில் நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உயிர் போன சில நாள்களில் அவசரச் சட்டம் வந்தது. டிசம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றியது. 2024 மே மாதம் புனே நீதிமன்றம், சுட்டவர்கள் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மூவரை விடுதலை செய்தது. அவரை அடுத்து 2015-இல் பன்சாரே, கல்புர்கி. 2017-இல் கௌரி லங்கேஷ். இதையெல்லாம் நாம் பேசுகிறோம், கண்டனக் கூட்டம் போடுகிறோம். ஆனால் உள்ளதைச் சொன்னால், எங்கள் மன்றத்தில் பெரும்பாலோர் தாபோல்கரின் பெயரையே அவர் கொல்லப்பட்ட பிறகுதான் கேட்டோம். ஒரே மாநிலத்தில், ஒரே வேலையை, இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் மராத்தியில் செய்துகொண்டிருந்தார்கள். நாம் தமிழில் செய்துகொண்டிருந்தோம். நடுவில் ஒரு சுவர்.

அந்தச் சுவரை எழுப்பியவர்கள் நாம் மட்டும் அல்ல. 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியர் கடைகள் தாக்கப்பட்டதை நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்கவில்லை. பயத்தில் ஒதுங்கியவர்கள், பயம் தெளிந்த பிறகும் ஒதுங்கியே இருந்துவிட்டோம். அதனால் இழந்தது என்ன என்பதற்கு ஒரு சான்று. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-இல் புனேயில் சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கினார். அதே ஆண்டிலேயே புரோகிதர் இல்லாத திருமணத்தை நடத்தினார். சுக்கிலநத்தத்துக்கு 55 ஆண்டுகள் முந்தியது அது. பெரியாரோ 1940 சனவரியில் பம்பாய்க்கு வந்து அம்பேத்கரைத் தேடிச் சந்தித்தவர். அவர் பெயரைச் சொல்லும் நாம், பக்கத்துச் சந்தில் அம்பேத்கர் வழியில் மணம் முடிக்கும் மராத்தியக் குடும்பத்தின் பந்தலுக்குள் எத்தனை பேர் நுழைந்திருப்போம்?

இப்போது ஆண்டுதோறும் டிசம்பர் 6 அன்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாதரில் சைத்தியபூமிக்குப் போகிறோம். இலட்சக்கணக்கான ஏழை மக்கள், காலில் செருப்புக்கூட இல்லாதவர்கள், கிராமங்களிலிருந்து வந்து வரிசையில் நிற்கிறார்கள். அன்று சிவாஜி பூங்காவில் வரிசை வரிசையாகப் புத்தகக் கடைகள். ஊர் திரும்பும்போது அவர்கள் கையில் பிரசாதம் இல்லை, புத்தகம் இருக்கிறது. நம் விழா முடிந்து நம்மவர் வீடு திரும்பும்போது கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோம். எவர்சில்வர் கிண்ணம்!

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். அவர்கள் பேசுவது இந்தியும் மராத்தியும் கலந்த ஒரு தமிழ். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் இருந்தும் நம்மில் பலர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறோம். எங்கள் மேடைத் தமிழ் அவர்களுக்குப் புரிவதில்லை என்பதை நாங்கள் ஒப்புக்கொள்ளவே நெடுநாள் ஆயிற்று. இப்போது ஞாயிறு இரண்டு மணி முதல் மூன்று வரை அவர்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறோம்; அதற்கு ஈடாக அவர்கள் எங்களுக்கு மராத்திப் படிவங்களை வாசித்துக் காட்டுகிறார்கள். அறிவியல் சோதனைகளும் உண்டு. 2006 ஆகஸ்டில் மாகிம் கடல் நீர் இனிக்கிறது, அற்புதம் என்று ஆயிரக்கணக்கானோர் ஓடிப்போய் அந்தச் சாக்கடை நீரை மொண்டு குடித்தார்கள், நினைவிருக்கிறதா? நம் தெருக்களிலிருந்தும் குடத்தோடு போனார்கள். மழைக்காலத்தில் மித்தி ஆறு அடித்துக்கொண்டு வந்த நன்னீர், உப்பு நீரைவிட எடை குறைந்ததால் மேலே மிதந்தது. அவ்வளவுதான் அற்புதம். அதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிள்ளைகளே செய்து பார்க்கிறார்கள்: கீழே நிறம் கலந்த உப்புத் தண்ணீர், மேலே கரண்டியின் முதுகில் மெல்ல ஊற்றிய நல்ல தண்ணீர். இரண்டும் பிரிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு சிறுவன், அப்போது ஏன் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தது என்று கேட்டான். அடுத்த ஞாயிற்றின் பாடம் கிடைத்துவிட்டது.

நம் அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவில் (எச்) என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராய்ந்து கேட்கும் பண்பையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. 1976-இல், நெருக்கடி நிலையின்போது, 42-ஆவது திருத்தத்தால் நுழைந்தது. அந்தத் திருத்தத்தில் நாம் ஏற்க முடியாதவை நிறைய; பலவற்றைப் பின்னர் நீக்கியும் விட்டார்கள். இந்த ஒரு வரி மட்டும் எப்படியோ தங்கி நல்லதாகப் போயிற்று. அதைப் பெரிய எழுத்தில் எழுதி மாவு இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறோம்.

கோயில் கமிட்டியையும் சாதிச் சங்கத்தையும் நாம் ஏசாத நாள் இல்லை. ஆனால் இறப்பு நடந்த வீட்டுக்கு முதலில் வந்து நிற்பவர்கள் அவர்கள். பாடை கட்டுவதற்கும், மருத்துவமனையில் தாள் வாங்குவதற்கும், மயானத்தில் நேரம் பிடிப்பதற்கும் ஆள் தருகிறார்கள், கைமாற்றும் தருகிறார்கள். நாம் மறுநாள் இரங்கல் கூட்டம் போடுகிறோம். இதில் யார் பின்னால் மக்கள் போவார்கள்? விசயவாடாவில் கோராவும் சரஸ்வதி அம்மையாரும் நடத்திய நாத்திக மையத்தைப் பாருங்கள். 1940-இல் ஒரு கிராமத்தில் தொடங்கியது. தீண்டாமை ஒழிப்பு, சமபந்தி உணவு, சாதி மறுப்பு மணம் என்று மக்களோடு நின்று செய்ததால்தான் ஊரார் அந்த நாத்திகர்களை ஏற்றுக்கொண்டார்கள். நாங்களும் இரண்டு ஆண்டுகளாக ஆறு பேர் கொண்ட ஒரு குழுவை வைத்திருக்கிறோம். இரவானாலும் போவது, நம் வீடா பிறர் வீடா என்று பாராமல் போவது, சடங்கு செய்கிற வீட்டில் வாதம் பேசாமல் வேலையைப் பார்ப்பது. கண் கொடை பற்றி மட்டும் மெதுவாகக் கேட்கிறோம், ஏனென்றால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். பெரும்பாலும் மறுத்துவிடுகிறார்கள். மூன்று வீடுகளில் சம்மதித்தார்கள்.

இனி, தொடங்கிய இடத்துக்கு வருவோம்.

எங்கள் பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்ததில், நாங்கள் மும்பையில் நடத்திவைத்த மணங்கள் 41. சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள், சிலர் இல்லை. எஞ்சியவர்களின் வீடு வீடாகப் போய்ச் செய்தியைச் சொன்னோம். சிலர் சிரித்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள், அது நியாயமே. வழி என்ன என்றால், 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். மதமும் சடங்கும் கேட்காத சட்டம் அது. ஏற்கெனவே மணம் செய்து சேர்ந்து வாழ்கிறவர்கள் அதன் 15-ஆவது பிரிவில் பதிந்துகொள்ளலாம். இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும், மனுக் கொடுத்தபின் 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சிகள். பதிந்துவிட்டால், மாலை மாற்றிய நாளுக்குப் பின் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் சட்டப்படியான பிள்ளைகளே என்று 18-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவைக் கூடத்தில் வாசித்துக் காட்டியது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். அவளுடைய பெற்றோரின் மணம் எங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது. வாசித்து முடித்துவிட்டு அவள் எங்களை நிமிர்ந்து பார்த்த பார்வைக்கு முன், நாங்கள் கேட்ட மேடைப் பேச்சு எதுவும் நிற்காது.

புதிதாக மணம் முடிப்பவர்களுக்கும் இதே சட்டம்தான். முதலில் அலுவலகத்தில் கையொப்பம், பிறகு நம் பந்தலில் மாலை. சான்றிதழை மேடையில் காட்டாத மணத்துக்கு மன்றம் தலைமை ஏற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். 30 நாள் அறிவிப்பு என்பது சாதி மறுத்து மணப்பவர்களுக்கு ஒரு கண்டம்; பெண் வீட்டாரும் வெட்டிப் பயல்களும் மோப்பம் பிடிக்க அரசாங்கமே கொடுக்கும் அவகாசம் அது. 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், இணையர் விரும்பினால் ஒழிய அந்த அறிவிப்பை வெளியிட வேண்டியதில்லை என்றது. மகாராட்டிரத்திலும் அது வர வேண்டும். 7ஏ போன்ற ஒரு பிரிவைப் பூலே பிறந்த மண்ணின் சட்டமன்றம் கொண்டுவர வேண்டும் என்று, மராத்தியத் தோழர்களோடு சேர்ந்து கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம். வாக்குக் கேட்க நம் சந்துக்குள் வருகிறவர்களிடம் தண்ணீர்க் குழாயோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒரு சிக்கல் மட்டும் எங்களை இன்னும் விடவில்லை. சாதியை மறுத்தவர்கள் மட்டுமா எங்கள் மேடை ஏறினார்கள்? மாமன் மகளையும் அத்தை மகனையும் மணந்தவர்களும் ஏறினார்கள். நம் ஊர் வழக்கில் அது இயல்பு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் அது தடை செய்யப்பட்ட உறவு. எங்களிடம் மணம் முடித்த அந்த இணையர் 15-ஆவது பிரிவில் பதிய முடியாது. அப்படி ஆறு இணையர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே வழி, ஊருக்குப் போய் 7ஏ பிரிவின்கீழ் மறுபடி மணம் முடித்து அங்கே பதிவது. இருபது ஆண்டு கழித்து இரண்டாம் தடவையா, ஊர் சிரிக்காதா என்று மாமியார்கள் ஒப்பவில்லை. இரண்டு இணையர் துணிந்துவிட்டார்கள். மே மாதப் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறார்கள். மாலையை எடுத்துக் கொடுக்கப் போவது அவர்களுடைய பிள்ளைகள்.

மற்றவர்கள் ஞாயிறு மூன்று மணிக்கு வாருங்கள். வயதுச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், நிழற்படம், பழைய அழைப்பிதழ் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். சாட்சிக்கு ஆள் நாங்கள் தருகிறோம். ஏணி ஏற வேண்டியதில்லை.